தூரத்திலிருந்து வந்த முட்டை பொரியவில்லை என்றால் கோளாறு முட்டையிலா, வழியிலா, மெஷினிலா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கூரியரில் 12 கோழி முட்டை வரவழைத்தீர்கள், வந்த அன்று மாலையே இன்குபேட்டரில், அதாவது சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் மெஷினில் வைத்தீர்கள், கடைசியில் கிடைத்தது 3 குஞ்சு. முட்டை கொடுத்தவர் உங்கள் மெஷின் சரியில்லை என்கிறார், வீட்டில் இருப்பவர்கள் கூரியரில் போட்டு உருட்டிவிட்டார்கள் என்கிறார்கள், நீங்கள் வேறு மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மெஷின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது மிச்சம் 9 முட்டை எதனால் போயின, அதில் எத்தனையைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருந்தது என்பதைத்தான். வருஷக்கணக்காக வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறேன், பக்கத்தில் எடுத்த முட்டையும் வைத்திருக்கிறேன், தூரத்திலிருந்து வந்ததும் வைத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, அதனால் நோய் சம்பந்தமாக மட்டும் கீழே சுருக்கமாக நிறுத்திக்கொள்வேன்.

முதலில் அந்த 3 என்ற எண். ஆரோக்கியமான கோழிகள், சேவல் சரியாக இணைகிறது, முட்டை இட்டு ஒரு வாரத்துக்குள் பயணம் எதுவும் இல்லாமல் மெஷினுக்குப் போகிறது என்றால் 100க்கு 75, 80 பொரிவது சாதாரணம். பார்சலில் வந்த முட்டைக்கு இந்தக் கணக்கு செல்லாது. பாதி பொரிந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டுதான் அனுபவப்பட்டவர்களே வாங்குகிறார்கள், ஒரு பெட்டியில் முக்கால்வாசி வரும், அடுத்த பெட்டியில் ஒன்றுகூட வராது. ஆக 12க்கு 3 என்பது குறைவுதான், ஆனால் மெஷினைத் தூக்கிப் போடும் அளவுக்கு விபரீதம் இல்லை. ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு யார்மேலும் பழி போட முடியாது, அந்த மூன்று குஞ்சும் எந்த நாளில் வந்தன, வராதவை எந்தக் கட்டத்தில் நின்றன என்று தெரிந்தால் ஓரளவு சொல்லலாம்.

வழியில் முட்டைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். கோழியின் உடம்புக்குள் முட்டை கிட்டத்தட்ட 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. வெளியே வந்து ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்குகிறது, அகன்ற முனையில் ஓட்டை ஒட்டியிருக்கும் இரண்டு சவ்வுகளும் பிரிந்து நடுவில் காற்று நிற்கிறது. இதுதான் காற்றறை. மெஷினில் வைத்த 19, 20ஆம் நாளில் குஞ்சு உள்சவ்வைக் கிழித்து அலகை இந்தக் காற்றறைக்குள் நீட்டித்தான் முதல் மூச்சை இழுக்கிறது, அதுவரை அதற்கு நுரையீரலால் வேலை இல்லை. பார்சல் குலுங்கும்போது இந்த உள்சவ்வு பிய்ந்து காற்றுக் குமிழி இடம் மாறிவிடுகிறது. மஞ்சள் கருவை நடுவில் பிடித்து நிறுத்தும் முறுக்கு நூல்களும் தளர்ந்துபோகின்றன. இது அடி பட்ட சேதம். இன்னொன்று சூடு. இட்ட முட்டையில் கரு ஏற்கெனவே சில பத்தாயிரம் செல்களாகப் பிரிந்துதான் வருகிறது, குளிர்ந்ததும் வளர்ச்சி நின்று தூங்கப் போகிறது. வெயிலில் நின்ற வண்டியில் பெட்டி சூடானால் அது அரைகுறையாக விழித்து வளரத் தொடங்கும், இரவில் குளிர்ந்தால் மறுபடி நிற்கும், இப்படி இரண்டு மூன்று தடவை ஆனால் மெஷினில் வைத்ததும் இரண்டொரு நாளில் செத்துவிடும். இந்தச் சேதம் வெளியே கொஞ்சமும் தெரியாது, ஓடு பளபளவென்று இருக்கும்.

அடிபட்ட சேதத்தை மட்டும் பெட்டியைப் பிரித்த அன்றே பார்த்துவிடலாம், நீங்கள் தவறவிட்ட முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். ஒரு அட்டையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஓட்டை போட்டு, அதன் பின்னால் செல்போன் டார்ச்சை வைத்து, முட்டையின் அகன்ற முனையை ஓட்டையில் பொருத்துங்கள். முட்டை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், மேலே காற்றறை மட்டும் வெளிறித் தெரியும், இரண்டுக்கும் நடுவே நிழல் மாதிரி ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பென்சிலால் ஓட்டின்மேல் வரைந்துவிட்டு, முட்டையை மெதுவாக ஒரு பக்கம் சாயுங்கள். கோடு பென்சில் கோட்டிலேயே நின்றால் அந்த முட்டை தப்பித்தது. கோடு ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கினால் காற்றறை தளர்ந்திருக்கிறது. கொத்தனாரின் மட்டப்பலகையில் குமிழி ஓடுவதுபோல எந்தப் பக்கம் சாய்த்தாலும் மேலே மேலே ஓடினால் சவ்வு முழுசாகப் பிய்ந்துவிட்டது. தளர்ந்தவை பல பொரியும், முழுசாகப் பிய்ந்தவையும் சில பொரியும், ஆனால் சின்னச் சின்னக் குமிழிகளாக உள்ளே சிதறி ஓடுகிறது என்றால் உள்சவ்வே கிழிந்திருக்கிறது, அவற்றை நம்பி நான் இடத்தை அடைப்பதில்லை. இதே வெளிச்சத்தில் மயிரிழை விரிசலும் தெரிந்துவிடும். விரிசல் மேல் மெழுகு தடவி வைப்பவர்கள் உண்டு, சில சமயம் பொரிகிறது என்பதும் உண்மை, ஆனால் அது அழுகினால் பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும் என்பதால் நான் எடுத்துவிடுவேன்.

பார்த்த பிறகு அகன்ற முனை மேலே இருக்கும்படி அட்டை ட்ரேயில் அடுக்கி, அறைச் சூட்டில் ஒரு நாள் அப்படியே விட வேண்டும். நீங்கள் வந்த அன்றே வைத்துவிட்டீர்கள், அது சில முட்டைகளைப் பாதித்திருக்கலாம். 12 மணி நேரம் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், 48 மணி நேரம் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள், சரியான மணிக்கணக்கு இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரிந்தது இரண்டு விஷயம்: குலுங்கிய முட்டை நிலைக்கு வரவும் உள்சூடு அறைச் சூட்டுக்குச் சமமாகவும் பல மணி நேரம் ஆகும், அதே நேரம் முட்டை இட்டு ஒரு வாரம் தாண்டினால் பொரியும் வாய்ப்பு நாளுக்கு நாள் இறங்கும். அதனால் இட்ட நாள், பயணம், ஓய்வு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மூன்று நாள் பழையது என்றால் ஒரு நாள் முழுக்க விடலாம், ஏற்கெனவே எட்டு நாள் ஆகியிருந்தால் நான் 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வேன். பெட்டி குளிர்ச்சியாக வந்து, திறந்ததும் ஓட்டின்மேல் வியர்த்தால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். அழுக்கு இருந்தாலும் கழுவாதீர்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, அவற்றை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், தண்ணீர் முட்டையைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கிருமியை உள்ளே இழுத்தும் விடும்.

இந்த ஒரு நாள் ஓய்வில் மெஷினைக் காலியாக ஓடவிடுங்கள், சூட்டைச் சரிபார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. விசிறி உள்ள மெஷினில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட். விசிறி இல்லாததில் மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று அடுக்கடுக்காக நிற்கும், அதனால் முட்டையின் மேல் மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். மெஷின் முகப்பில் ஒளிரும் எண்ணை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். உங்கள் மெஷினைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் வீட்டு மெஷின்களில் அந்த எண் ஒரு டிகிரி தப்பாக இருப்பது சகஜம், ஒரு டிகிரி என்பது கருவுக்குச் சின்ன விஷயம் கிடையாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கும், அது அளக்கும் எல்லைக்குள்தான் நமக்கு வேண்டிய சூடும் இருக்கிறது, அதை முட்டை வைக்கும் இடத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தால் மெஷின் எந்த இடத்தில் அதிகம் சுடுகிறது என்பதும் தெரிந்துவிடும். சூடு கொஞ்ச நேரம் குறைவதைக் கரு தாங்கும், ஏறுவதைத் தாங்காது. மின்சாரம் இரண்டு மணி நேரம் போய் முட்டை ஆறிவிட்டால் பதற வேண்டாம், மூடியைத் திறக்காமல் காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டு மேலே ஒரு போர்வை போட்டால் போதும், பொரிவது கொஞ்சம் தள்ளிப்போகும். 40 டிகிரிக்கு மேலே சில மணி நேரம் போனால் ஒரு ட்ரேயே போய்விடலாம்.

இப்போது உங்கள் மூன்று குஞ்சுக்கு வருவோம். அவை எந்த நாளில் ஓட்டை உடைத்தன என்பதுதான் மெஷினுக்கு இருக்கிற நல்ல சாட்சி. வைத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல், 24 மணி நேரம் முடிந்ததும் ஒன்று என்று எண்ணுங்கள், பலர் வைத்த நாளையே ஒன்று என்று எண்ணி ஒரு நாள் முன்னாடி போய்விடுகிறார்கள். அப்படி எண்ணி 21ஆம் நாளை ஒட்டி மூன்றும் அடுத்தடுத்து வந்தன என்றால் உங்கள் மெஷினின் சராசரிச் சூடு சரியாகத்தான் இருந்திருக்கிறது, புது மெஷினுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. 19ஆம் நாளின் கடைசியிலேயே வந்து, தொப்புள் சரியாக மூடாமல் இருந்தால் சூடு அதிகம். 22, 23 என்று இழுத்து, குஞ்சு பெருத்துச் சோம்பலாக இருந்தால் சூடு குறைவு, இல்லையென்றால் முட்டை பழையது. ஒன்று 20லும் இன்னொன்று 23லும் வந்தால் மெஷினுக்குள் மூலைக்கு மூலை சூடு மாறுகிறது என்று சந்தேகப்படலாம்.

திருப்பி விடுவதில்தான் பார்சல் முட்டைக்காரர்களுக்குள் பெரிய சண்டையே நடக்கிறது. சந்தேகமில்லாத பகுதி இது: முட்டையைத் திருப்பாமல் விட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும், ஓட்டின் உட்புறம் முழுக்கப் பரவ வேண்டிய ரத்தக் குழாய் வலை சரியாகப் பரவாது, வெண்கருவைக் குஞ்சு பயன்படுத்துவதும் குறையும். திருப்புவது எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவது முதல் வாரத்தில்தான், 18ஆம் நாளுக்குப் பிறகு தேவையே இல்லை. சந்தேகமான பகுதி, காற்றறை தளர்ந்த முட்டையை முதல் சில நாள் திருப்பாமல் விட வேண்டுமா என்பது. ஒரு வாரம் தொடவே கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், திருப்புவதால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி அந்த வாரத்தில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் செய்வது இப்படி: காற்றறை நின்ற முட்டைகளை முதல் நாளிலிருந்தே திருப்புவேன். தளர்ந்தவற்றை இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள் நிமிர்த்தியபடி விட்டுவிட்டு, அப்புறம் படுக்க வைத்து உருட்டாமல் நிமிர்ந்த நிலையிலேயே ஒரு பக்கம் 45 டிகிரி, அடுத்த தடவை மறுபக்கம் 45 டிகிரி என்று சாய்ப்பேன். இது என் பழக்கம், நிரூபித்த விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிமிர்த்தி வைப்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மெஷின் முட்டையைப் படுக்க வைத்து உருளையில் உருட்டும் வகை என்றால், பார்சல் முட்டைக்கு அந்த உருளையை எடுத்துவிடுங்கள். படுத்தபடி உருளும்போது தளர்ந்த காற்றறை ஒரு பக்கமாக இறங்கிக் குதிரைச் சேணம் போல வளைந்துவிடும், குஞ்சு தலையைத் திருப்பி நிற்க வேண்டிய இடமே மாறிவிடும். முட்டை அட்டையைத் தேவையான அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு குழியின் அடியிலும் காற்றுப் போக ஓட்டை போட்டு, அகன்ற முனை மேலே இருக்கும்படி அதில் வையுங்கள். அட்டையின் ஒரு ஓரத்துக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துச் சாய்ப்பது, அடுத்த வேளை கட்டையை மறு ஓரத்துக்கு மாற்றுவது, அவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று தடவை. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாகச் செய்தால் நீளமான இரவு நேரம் தினமும் ஒரே பக்கத்தில் கழியாது.

ஈரப்பதத்துக்கு வந்தால் ஒருவர் 50 சதவீதம் என்பார், இன்னொருவர் தண்ணீரே ஊற்ற மாட்டேன் என்பார், இரண்டு பேருக்கும் குஞ்சு வரும். ஏனென்றால் முட்டைக்கு வேண்டியது குறிப்பிட்ட ஈரப்பத எண் கிடையாது, 18 நாளில் அது தன் எடையில் 12, 13 சதவீதத்தைத் தண்ணீராக இழக்க வேண்டும், அந்த அளவுக்குக் காற்றறை பெருக வேண்டும். உங்கள் அறை எவ்வளவு ஈரம், ஓடு எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து அதற்கான எண் மாறும். 45 முதல் 55 சதவீதம் என்று தொடங்கிவிட்டு, தராசை வைத்துத் திருத்திக்கொள்வதுதான் நம்பிக்கையான வழி. ஒவ்வொரு முட்டையாக எடுக்க வேண்டாம், அட்டையோடு சேர்த்துச் சமையலறைத் தராசில் வையுங்கள், வெறும் அட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். 55 கிராம் முட்டை 12 இருந்தால் மொத்தம் 660 கிராம். 18 நாளில் 12 சதவீதம் என்றால் 79 கிராம் குறைய வேண்டும், 7ஆம் நாளில் 30 கிராம் போல, 14ஆம் நாளில் 60 கிராமை ஒட்டி. குறைவாக இறங்கியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள், அதிகமாக இறங்கியிருந்தால் கூட்டுங்கள். ஏதாவது ஒரு முட்டையை நடுவில் எடுத்துவிட்டால் அதன் எடையைப் பழைய கணக்கிலிருந்தும் கழிக்க மறக்காதீர்கள்.

7ஆம் நாள் மறுபடி டார்ச். உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றி நாலாபக்கமும் சிலந்தி வலையாக ரத்தக் குழாய்களும் தெரியும், பொறுமையாகப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதும் தெரியும். குழாய் எதுவும் இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் ஓட்டோடு ஒட்டினாற்போல் நின்றால் கரு தொடங்கி முதல் சில நாளில் இறந்திருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் பலரும் கூமுட்டை, சேவல் சேராத முட்டை என்று எடுத்து எறிந்துவிடுகிறார்கள். அங்கேதான் முட்டை கொடுத்தவருக்கும் உங்களுக்கும் தகராறு தொடங்குகிறது, ஆகவே எறிவதற்கு முன்னால் ஒரு தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது சின்னதாக, கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் கருவே கூடவில்லை, கொடுத்தவர் பொறுப்பு. நடுவில் தெளிவாகவும் சுற்றி வெள்ளை வளையமாகவும் இருந்தால், அல்லது அது இன்னும் பெரிதாகப் பரவி வெள்ளைப் படலமாக நின்றால், கரு கூடிய முட்டைதான், வழியிலோ வைத்த முதல் நாளிலோ நின்றுபோயிருக்கிறது. இந்த வித்தியாசம் 7ஆம் நாளில்கூடச் சில முட்டைகளில் மங்கலாக இருக்கும், 21ஆம் நாள்வரை சூட்டில் கிடந்த முட்டையில் பெரும்பாலும் சொல்லவே முடியாது. அதனால் தெளிந்த முட்டைகளைக் கடைசிவரை வைத்திருந்திருந்தால், அவை கூமுட்டையா வழியில் செத்தவையா என்ற கேள்வியை இந்தத் தடவை விட்டுவிடுவதுதான் நியாயம்.

மற்றவை எங்கே நின்றன என்பதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. நல்ல முட்டை நல்ல மெஷினில் இருந்தாலும் கரு இறப்பது இரண்டு கட்டத்தில் குவியும், முதல் நாலைந்து நாளிலும் கடைசி மூன்று நாளிலும். பார்சல் முட்டையில் முதல் குவியல் ரொம்பப் பெரிதாகும், அதற்கு வழியும் முட்டையின் வயதும்தான் முக்கியக் காரணம். நடுவில், 8 முதல் 17 வரை, சாதாரணமாக அதிகம் சாகாது. அங்கே மூன்று நாலு போயிருந்தால் சூடு ஏறி இறங்கியது, நீண்ட மின்வெட்டு, கிருமி, தாய்க்கோழிக்குச் சத்துக் குறைவு என்று தேட வேண்டும். முழுக் குஞ்சாக வளர்ந்து ஓட்டை உடைக்காமல் செத்தவைதான் தீர்ப்புச் சொல்லக் கஷ்டமானவை. எடை போதுமான அளவு குறையாமல் ஈரத்தில் மூழ்கியிருக்கலாம், கடைசி நாளில் காற்றுத் துளை மூடியிருந்து மூச்சுத் திணறியிருக்கலாம், அல்லது காற்றறை இடம் மாறியதால் அலகு தப்பான பக்கம் போயிருக்கலாம். அகன்ற முனையிலிருந்து ஓட்டை மெதுவாக உரித்து, தலை எந்தப் பக்கம் இருக்கிறது, அலகு எங்கே நீட்டியிருக்கிறது, சவ்வு ஈரமா காய்ந்ததா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். நாறும் முட்டையை மட்டும் உடைக்காதீர்கள், வெடிக்கும், மூடிப் போட்டுவிடுங்கள்.

18ஆம் நாளோடு சாய்ப்பதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றி, காற்றுத் துளையை முழுக்கத் திறந்து, மூடியை மூடிவிட வேண்டும். காற்றறை சரியாக இருந்த முட்டைகளைப் படுக்க வைக்கலாம், தளர்ந்தவற்றை அதே அட்டைக் குழியில் நிமிர்த்தியபடியே பொரியவிடுகிறேன், அதில் தலைகீழாக மாட்டிக்கொள்வது குறைகிறது என்பது என் அனுபவம். அடுத்து வருவது காத்திருப்பு, பலர் கைவைத்துக் கெடுப்பதும் இங்கேதான். ஓட்டில் முதல் நட்சத்திர விரிசல் விழுந்த பிறகு குஞ்சு மணிக்கணக்காகச் சும்மா கிடக்கும். அது சும்மா இல்லை, சவ்வில் ஓடும் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, மிச்சம் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. 12 மணி நேரமும் ஆகும், 24ம் ஆகும். நடுவில் ஆசைக்கு மூடியைத் திறந்தால் ஈரப்பதம் சரேலென்று விழும், விரிசல் விட்ட முட்டையின் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டி இறுக்கிவிடும். பொரிந்த குஞ்சு உள்ளேயே கத்திக்கொண்டு இருக்கட்டும், வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், 24 மணி நேரம்வரை மெஷினில் விடுவதில் தப்பில்லை.

உதவி செய்து உரிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விரிசல் விட்டு 24 மணி நேரம் தாண்டி, முட்டை ஓட்டைச் சுற்றிலும் உடைக்காமல் குஞ்சு நிற்கிறது என்றால் நான் தொடுவேன், அதற்கு முன்னால் தொட மாட்டேன். அலகுப் பக்கத்து ஓட்டைக் கொஞ்சமாகப் பெயர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரப்படுத்திப் பார்ப்பேன். சவ்வில் சிவப்புக் குழாய் ஓடுவது தெரிந்தால், அல்லது ஒரு சொட்டு ரத்தம் வந்தால், அங்கேயே நிறுத்தி முட்டையைத் திரும்ப மெஷினில் வைத்துவிடுவேன், இன்னும் சில மணி நேரம் வேண்டும் என்று அர்த்தம். கூர்முனையில் விரிசல் விட்ட குஞ்சுக்குக் காற்றறை கிடைக்காது, அதற்கு மட்டும் மூச்சுவிட ஒரு சின்ன ஓட்டை சீக்கிரமே தேவைப்படலாம்.

ஸ்கேனரில் எக்ஸ்ரே பட்டுக் கரு செத்துவிட்டது என்று ஒருவர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பார்சல் சோதனை மெஷினில் படும் கதிர் மிகச் சொற்பம், கருவைக் கொல்ல அது போதாது. குலுக்கலும் சூடும் அதைவிடப் பல மடங்கு பெரிய எதிரிகள், கவனத்தை அங்கே வையுங்கள். நோய் விஷயத்தில் ஒன்று மட்டும்: மைக்கோபிளாஸ்மா, சால்மோனெல்லா என்ற கிருமி வகைகளில் சில தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும், ஓடு சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. கூட்டத்தைப் பரிசோதித்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள், இந்தக் குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு உடனே சேர்க்காதீர்கள், மற்றதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த தடவை வாங்கும்போது ஒரே ஒரு மாற்றம் செய்வதானால் இதைச் செய்யுங்கள். பார்சல் முட்டை வைக்கிற அதே நாளில், பக்கத்தில் சேவலோடு கோழி வளர்ப்பவரிடம் ஐந்தாறு புது முட்டை வாங்கி, பென்சிலால் அடையாளம் போட்டு, அதே மெஷினில் கூடவே வையுங்கள். அந்த ஆறில் ஐந்து பொரிந்து, பார்சலில் வந்த 12இல் மூன்று வந்தால் மெஷின்மேலும் உங்கள்மேலும் தப்பில்லை, முட்டை கொடுத்தவரிடம் அந்தக் கணக்கையே காட்டலாம். இரண்டும் சேர்ந்து போனால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது, வேறு முட்டை வாங்குவதற்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். முட்டை கொடுப்பவரிடம் இட்ட தேதியை ஒவ்வொரு முட்டையிலும் எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி அகன்ற முனை மேலே வைத்துக் கட்டச் சொல்லுங்கள், வாரக் கடைசியில் அனுப்பி குடோனில் இரண்டு நாள் கிடக்கும்படி விடாதீர்கள், முடிந்தால் வீட்டுக்கு வரும்வரை காத்திராமல் நீங்களே கூரியர் ஆபீசுக்குப் போய் எடுத்து மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் நான் தூரத்து முட்டை வாங்குவதே இல்லை.

அந்த 9 முட்டையில் பொரியாத குஞ்சு எதையாவது உரித்துப் பார்த்திருந்தால் எந்தக் கட்டத்தில் நின்றிருந்தது, அலகு எங்கே இருந்தது, பொரிந்த மூன்றும் எந்த நாள் எந்த நேரம் வந்தன என்பதை எழுதுங்கள். மெஷின் விசிறி உள்ளதா இல்லாததா என்பதையும் சேர்த்து எழுதினால், புதிது வாங்க வேண்டுமா, இருப்பதையே சரிசெய்தால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.